கரையாத மருந்து

(வாசுதேவநல்லூரில் மாணவர்களும் பொதுமக்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் புற்றுநோய் மருந்து. அதிலும், அந்த மருந்தை உடம்புக்குள் சுமந்து செல்கின்ற மிக மிகச் சிறிய பாலிமர் துகள்கள். நானோ துகள்கள் என்று அவற்றைச் சொல்கிறோம். இது ஏதோ வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துச் சமாச்சாரம், நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். அப்படி நினைக்க வேண்டாம். இந்த அரங்கை விட்டு வெளியே போய் மேற்கே பாருங்கள். தலையணைக்கு மேலே அடுக்கடுக்காக நிற்கிறதே நம் மலை, அந்த மேற்குத் தொடர்ச்சி மலையில்தான் இந்த வரலாற்றின் ஒரு பகுதி வேர் பிடித்திருக்கிறது.

அந்த மலைத்தொடரின் மழைக்காடுகளில் ஒரு மரம் இருக்கிறது. பெரிய மரமல்ல. பூத்தால் துர்நாற்றம் வீசும். தாவரவியல் நூல்கள் அதை நோத்தாபோடைட்ஸ் நிம்மோனியானா என்று குறிக்கின்றன. சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராக இருந்து, பிறகு பம்பாய் கோரேகாவில் சீபா ஆராய்ச்சி மையத்தை நடத்தியவர் டி. ஆர். கோவிந்தாச்சாரி. அவரும் என். விஸ்வநாதனும் 1972-ல் அந்த மரத்தில் கேம்ப்டோதெசின் என்ற பொருள் இருப்பதைக் கண்டார்கள். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 1966-ல், ஒரு சீன மரத்திலிருந்து அமெரிக்காவில் இதே பொருளைப் பிரித்தெடுத்திருந்தார்கள் மன்றோ வாலும் மன்சுக் வானியும். வானி யார்? மகாராஷ்டிரத்தின் நந்தூர்பாரில் பிறந்தவர். பம்பாயில் வேதியியல் படித்துவிட்டுக் கடல் கடந்தவர்.

கேம்ப்டோதெசின் சாதாரணப் பொருளல்ல. புற்றுச் செல் பிளந்து இரண்டாவதற்கு முன் தன் மரபுச் சங்கிலியைப் படியெடுக்கும். அந்த வேலையை நடுவழியில் நிறுத்திவிடும் ஆற்றல் இதற்கு உண்டு. ஆய்வுக்கூடத்தில் அது வென்றது. எலிகளில் வென்றது. மனிதரிடம் வந்தபோது என்ன ஆயிற்று?

தண்ணீரில் அது கரையவில்லை. நம் இரத்தத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான். தண்ணீரில் கரையாத ஒன்றை இரத்தக் குழாய் வழியாக எப்படி ஏற்றுவது? கரைய வைப்பதற்காக அதைச் சோடியம் உப்பாக மாற்றினார்கள். மாற்றியபோது மூலக்கூறில் இருந்த ஒரு வளையம் திறந்துகொண்டது, வீரியம் குறைந்தது. அந்த உப்பு உடம்பைச் சுற்றிச் சிறுநீர்ப்பைக்குப் போனதும், அங்கே உள்ள அமிலத்தில் வளையம் மறுபடி மூடிக்கொண்டது. வீரியம் திரும்பி வந்தது, ஆனால் எங்கே? கட்டியில் வராமல் சிறுநீர்ப்பையில் வந்தது! நோயாளிகளுக்குச் சிறுநீரில் இரத்தம் போயிற்று. எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அந்தச் சோதனையையே நிறுத்திவிட்டார்கள். அதன் மாற்றுருவங்களான இரினோடீகானும் டோப்போடீகானும் மருந்துக்கடைக்கு வர 1990கள் ஆயின. இடையில் கால் நூற்றாண்டு! எத்தனை உயிர்கள் அந்த இடைவெளியில் போயிருக்கும்? மருந்து இருந்தது. கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் வழியில்லை.

வாலும் வானியும் கண்டெடுத்த இன்னொரு மருந்தையும் பாருங்கள். 1962-ல் அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலர் ஆர்தர் பார்க்லே, வாஷிங்டன் மாநிலக் காட்டில் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையைச் சேகரித்து அனுப்பினார். வாலும் வானியும் அதிலிருந்து பேக்லிடாக்சலைப் பிரித்தார்கள், 1971-ல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்பதை 1979-ல் சூசன் ஹார்விட்ஸ் என்ற பெண் விஞ்ஞானி விளக்கினார். அமெரிக்க அரசு அதற்கு அனுமதி தந்ததோ 1992 டிசம்பரில். முப்பது ஆண்டுகள்! மரப்பட்டையில் மருந்து மிகச் சொற்பமாகக் கிடைத்தது ஒரு காரணம். இன்னொரு காரணம் நீங்கள் இப்போது ஊகித்துவிடலாம். அதுவும் கரையவில்லை.

எப்படிக் கரைத்தார்கள்? ஆமணக்கெண்ணெயை வேதிமுறையில் மாற்றிச் செய்த கிரெமோஃபோர் என்ற கரைப்பானும் சாராயமும் சரிபாதி கலந்து அதில் கரைத்தார்கள். மருந்து கரைந்தது. கரைப்பானே ஒரு தொல்லையாக வந்து நின்றது. சிலருக்கு மூச்சுத் திணறியது, இரத்த அழுத்தம் சரிந்தது, உடம்பெல்லாம் தடித்தது. அதைத் தடுக்க முன்கூட்டியே ஸ்டீராய்டும் அலர்ஜி ஊசியும் போட வேண்டும். சாதாரணப் பிளாஸ்டிக் குழாயில் ஏற்றினால் குழாயில் உள்ள இரசாயனத்தை அந்தக் கரைப்பான் அரித்துக் கூடவே கொண்டுபோய்விடும். அதற்குத் தனிக் குழாய் வேண்டும். மூன்று மணி நேரம், சில வேளைகளில் அதற்கும் மேல், சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும்.

மூன்று மணி நேரம் என்று இங்கே நின்று சொல்வது எளிது. நம் ஊரிலிருந்து அதிகாலை பஸ் பிடித்துத் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போகிற ஓர் அம்மாவுக்கு, செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்துக்குப் போகிற ஒரு குடும்பத்துக்கு, அந்த மூன்று மணி நேரம் என்ன பொருள்? அன்று இரவு ஊர் திரும்ப முடியாது என்று பொருள். லாட்ஜ் வாடகை என்று பொருள். துணைக்குப் போனவரின் இரண்டு நாள் கூலி போயிற்று என்று பொருள். கீமோ ஏற்றுவது என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தச் செலவில் மருந்தின் விலை ஒரு பங்குதான். கரைப்பானும் சேர்ந்து செலவு வைக்கிறது.

இது முதல் சிக்கல். இரண்டாவது சிக்கல் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல மலைக்குக்கூடப் போக வேண்டாம். நம் தென்மாவட்டத்துக் கரிசலிலும் செம்மண்ணிலும் நித்தியகல்யாணி பயிராகிறது. வீட்டு முற்றத்திலும் பூக்கிறது. அந்தச் செடியிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற மருந்துகள் வருகின்றன. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை ஒரு காலத்தில் யாராலும் வெல்ல முடியவில்லை. இன்று வெல்ல முடிகிறது என்றால் அந்த வெற்றியில் இந்தச் செடிக்குப் பங்குண்டு. வின்கிரிஸ்டினுக்குக் கரைவதில் சிரமமில்லை. ஆனால் எங்கே போக வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. புற்றுச் செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்களைத் தாக்குகிற அதே மருந்து, நரம்புகளின் நுண்குழல்களையும் தாக்குகிறது. கை கால் மரத்துப்போகிறது, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்கிறார்கள். டாக்சோரூபிசின் என்றொரு மருந்து, அது இதயத் தசையைப் பதம் பார்க்கிறது. முடி ஏன் கொட்டுகிறது? வாய் ஏன் புண்ணாகிறது? மருந்து போகக்கூடாத இடத்துக்கும் போகிறது, அதனால்தான்.

ஆக, ஒரு மருந்து கரைய வேண்டும். கரைந்தது சரியான இடத்துக்குப் போக வேண்டும். இந்த இரண்டையும் ஒரே கையால் செய்ய முடியுமா? முடியும் என்று நம்பிப் பாலிமரை எடுத்தார்கள் விஞ்ஞானிகள்.

பாலிமர் என்றால் பிளாஸ்டிக் பை மட்டும்தானா? இல்லை. சிறு மூலக்கூறுகள் வரிசையாகக் கைகோத்து நீண்ட சங்கிலியானால் அது பாலிமர். சங்கரன்கோவில் தறியில் ஓடுகிற பருத்தி நூல் பாலிமர். சோற்றில் உள்ள மாவுச்சத்து பாலிமர். தூத்துக்குடிக் கடலில் பிடிபடும் இறாலின் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானும் பாலிமர். அதை வைத்து மருந்துத் துகள் செய்யும் ஆய்வு இந்தியக் கூடங்கள் பலவற்றில் நடக்கிறது. புற்றுநோய் மருந்துக்கு உலகம் அதிகம் நம்பியிருப்பது பி.எல்.ஜி.ஏ. என்ற பாலிமரை. லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் சேர்ந்த சங்கிலி அது. அறுவைச் சிகிச்சை செய்த இடத்தில், தையல் பிரிக்க வர வேண்டாம், தானாகக் கரைந்துவிடும் என்று மருத்துவர் சொல்வார் அல்லவா? அந்தத் தையல் நூலின் இனம்தான் இது. உடம்புக்குள் மெல்ல மெல்ல உடைந்து, கடைசியில் தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறிவிடும்.

துகளைச் செய்வது எப்படி? மாணவர்கள் கவனியுங்கள். மருந்தையும் பாலிமரையும் அசிட்டோனில் கரைத்துக்கொள்கிறார்கள். அதைச் சுழன்றுகொண்டிருக்கும் தண்ணீரில் துளித்துளியாக விடுகிறார்கள். அசிட்டோன் தண்ணீரோடு கலந்து பிரிந்து போகிறது. தண்ணீர் பிடிக்காத பாலிமர் மருந்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு சுருண்டு துகளாகிறது. தெளிந்த நீர் கண்ணெதிரே லேசான நீலம் படர்ந்த பால்நிறமாக மாறும். முதல் முறை பார்க்கிற எந்த மாணவருக்கும் அந்த நிறம் மறக்காது.

இன்னொரு வகைத் துகளும் உண்டு. மைசெல் என்பார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீருக்குத் தலையில் உள்ள எண்ணெய் போகாது. சீயக்காய் போட்டதும் போகிறது. ஏன்? சீயக்காயில் உள்ள பொருளின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். எண்ணெயை நடுவில் வைத்து இவை சுற்றி நின்று தண்ணீரோடு கொண்டுபோய்விடும். மைசெல் செய்வதும் இதையே. எண்ணெய் இருந்த இடத்தில் மருந்தை வையுங்கள், சீயக்காய் இருந்த இடத்தில் பாலிமரை வையுங்கள்.

இனி அளவு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இந்தத் துகள்கள் பெரும்பாலும் நூறு நானோமீட்டரை ஒட்டியவை. நம் சிவப்பணுவின் அகலமோ ஏழாயிரம் நானோமீட்டர் அளவு. ஏன் இந்த நூறு? ஆறு நானோமீட்டருக்கும் குறைவாக இருந்தால் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளிவிடும். இருநூறைத் தாண்டினால் மண்ணீரல் மடக்கிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தாலும் ஈரலில் காவல் நிற்கும் செல்கள் விழுங்கப் பார்க்கும். அவற்றின் கண்ணில் படாமல் இருக்கத் துகளின்மேல் பெக் என்ற இன்னொரு பாலிமரைப் போர்த்துகிறார்கள்.

சரி, கட்டியைத் துகள் எப்படி அடையாளம் கண்டுகொள்கிறது? ஜப்பானில் குமமோட்டோ பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி மயேதா என்ற பேராசிரியர் இருந்தார். 1986-ல் அவரும் உடன் ஆய்வு செய்த மட்சுமுராவும் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். வேகமாக வளரும் கட்டி தனக்கு வேண்டிய இரத்தக் குழாய்களை அவசர அவசரமாகக் கட்டிக்கொள்கிறது. அந்தக் குழாய்ச் சுவர்களில் இடைவெளிகள் உண்டு. நல்ல உறுப்பின் குழாய்களில் நுழைய முடியாத துகள், கட்டியின் குழாய் இடைவெளியில் நுழைந்துவிடும். கட்டிக்குக் கழிவு வடிகாலும் சரியாக இல்லாததால் நுழைந்தது அங்கேயே தங்கிவிடும். பாலிமரோடு கோத்த மருந்து ஒன்றை மயேதா செய்தார். ஈரல் புற்றுநோய்க்கு அது 1993-ல் ஜப்பானில் அனுமதி பெற்றது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். பேக்லிடாக்சலின் கரைப்பான் தொல்லைக்கு இந்தியாவில் யாராவது தீர்வு தேடினார்களா? தேடினார்கள்! தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறைப் பேராசிரியர் அமர்நாத் மைத்ரா தேடினார். தண்ணீரோடு உறவாடும் பாலிமர் ஒன்றை உருவாக்கி, அதற்குள் பேக்லிடாக்சலை அடைத்து, நூறு நானோமீட்டரை ஒட்டிய துகள்களாக்கினார். டாபர் பார்மா நிறுவனம் அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கி வளர்த்தது. நானோக்சல் என்ற பெயரில் அது 2007-ல் நம் மருத்துவமனைகளுக்கு வந்தது. கிரெமோஃபோர் இல்லாத பேக்லிடாக்சல்! அமெரிக்காவில் 2005-ல் வந்த ஆப்ராக்சேன், ஆல்புமின் என்ற புரதத்தின்மேல் ஏற்றிய பேக்லிடாக்சல். முன்கூட்டி அலர்ஜி ஊசி பெரும்பாலும் தேவையில்லாமல் அரை மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். தென்கொரியாவில் ஜெனெக்சால்-பிஎம் என்ற பாலிமர் மைசெல் ஏறக்குறைய நானோக்சல் வந்த அதே காலத்தில் வந்தது. உலகில் பாலிமர் நானோ துகளில் புற்றுநோய் மருந்தை நோயாளியின் கைக்குக் கொண்டுவந்த முதல் நாடுகளின் வரிசையில் இந்தியா நின்றது. இதை நம் பள்ளிப் பாடப்புத்தகங்கள் பெருமையோடு சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

டாபர் பார்மாவை 2008-ல் ஜெர்மானிய நிறுவனமான பிரெசீனியஸ் காபி வாங்கிவிட்டது. பல்கலைக்கழக மேசையில் பிறந்த இந்தியத் தொழில்நுட்பம் சந்தைக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே வெளிநாட்டுக் கைக்குப் போயிற்று. வணிகத்தில் இது நடப்பதுதான் என்று சொல்வார்கள். எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

நண்பர்களே, இனி நான் சொல்லப்போவது உற்சாகம் தருவதல்ல. ஆனால் சொல்லியே ஆக வேண்டும். நானோ துகள் புற்றைத் தேடிப் பிடித்துக் கொல்லும் என்று பத்திரிகைகளில் படிக்கிறீர்கள். அது முழு உண்மையா? அல்ல. டொரன்டோ பல்கலைக்கழகத்தில் வாரன் சான் குழுவினர், பத்தாண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி 2016-ல் கணக்கிட்டார்கள். எலிகளுக்குச் செலுத்திய துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது இடைநிலைக் கணக்கில் 0.7 விழுக்காடு! நூற்றில் ஒன்றுகூட இல்லை. மீதியெல்லாம் எங்கே? பெரும்பகுதி ஈரலிலும் மண்ணீரலிலும். மயேதா கண்ட இடைவெளிகள் எலியின் கட்டியில் தாராளம். மனிதக் கட்டியில் ஒருவருக்கு இருக்கும், இன்னொருவருக்கு இருக்காது. ஒரே ஆளின் இரண்டு கட்டிகளில்கூட மாறும்.

கட்டியின் அடையாளத்தைத் தொட்டு ஒட்டிக்கொள்ளும்படி துகளுக்குக் கொக்கி வைத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவின் பைண்ட் நிறுவனம் அப்படி ஒரு துகளில் டோசிடாக்சல் என்ற மருந்தை ஏற்றி மனிதச் சோதனைக்குக் கொண்டுபோனது. உலகமே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. 2016-ல் அந்த நிறுவனம் திவாலானது. பிரான்சில் டாக்சோரூபிசினைப் பாலிமர் துகளில் வைத்து ஈரல் புற்றுநோய்க்குச் செய்த லிவாடாக், 2017-ல் மூன்றாம் கட்டச் சோதனையில் தோற்றது. நோயாளிகளின் ஆயுளை அது நீட்டவில்லை.

அப்படியானால் இத்தனை உழைப்பும் வீணா? இல்லவே இல்லை. நான் வேறு அளவுகோலால் அளக்கிறேன். 0.7 விழுக்காடுதான் போய்ச் சேர்ந்தாலும், கிரெமோஃபோர் இல்லாமல் ஒரு பெண்ணுக்கு மருந்து ஏறினால் அவருக்கு மூச்சுத் திணறல் பயம் குறைகிறது. டாக்சோரூபிசினைக் கொழுப்புத் துகளில் வைத்த டாக்சில் 1995-லேயே வந்தது. அதனால் இதயத்துக்கு வரும் கேடு குறைந்தது. துன்பம் குறைவது சிறிய வெற்றியா? பாதியில் கீமோவை விட்டுவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டவர்களை அறிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அவர்களைக் கேளுங்கள்.

இதற்கு இன்னும் நல்ல சான்று ஒன்று உண்டு. அது நானோ அளவுகூட அல்ல, அதைவிடப் பெரிய துகள். ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய்க்கு லூப்ரோலைடு என்ற மருந்தைத் தினமும் ஊசியாகப் போட்டுவந்தார்கள். அதே மருந்தைப் பி.எல்.ஜி.ஏ. துகளில் அடைத்தார்கள். துகள் மெல்லக் கரையக் கரைய மருந்து மெல்ல வெளிவரும். தினமும் போட்ட ஊசி மாதம் ஒன்றானது. அமெரிக்காவில் 1989-ல் இது அனுமதி பெற்றது, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று என்றும் வந்தது. வாசுதேவநல்லூர்ப் பெரியவர் ஒருவருக்கு இதன் பொருள் என்ன? எத்தனை பஸ் பயணம் மிச்சம்? எத்தனை நாள் மகனுக்கு வேலை கெடாமல் இருக்கும்? கட்டிக்குள் எத்தனை விழுக்காடு போயிற்று என்று விஞ்ஞானி கணக்குப் பார்க்கட்டும். நோயாளி ஊருக்கு எப்போது திரும்பினார் என்றும் ஒரு கணக்கு வேண்டும். பாலிமர் துகளின் உண்மையான மதிப்பு அந்த இரண்டாவது கணக்கில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அந்தக் கணக்கைக் கெடுப்பது விலை. பழைய பேக்லிடாக்சல் நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு உச்சவிலை உண்டு. நானோ வடிவம் என்று வந்தால் விலை பல மடங்கு ஏறுகிறது. அன்று பத்து பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினாரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். ஏழைக்கும் அதே சிகிச்சை என்பதுதான் 1954-லிருந்து அந்த நிறுவனத்தின் வழி. அங்கே பணியாற்றிய டாக்டர் சாந்தா தம் வாழ்நாள் முழுதும் அந்த வழியில் நடந்தார். புதிய மருந்து வரும்போதும் அதே நியாயத்தை நாம் கேட்க வேண்டாமா?

நானோ மருந்துகளை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2019 அக்டோபரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நல்ல காரியம். இன்று நானோ என்ற பெயரை ஒட்டினால் எதையும் விற்கலாம் என்ற நிலை இருக்கிறது. நோயால் பயந்துபோன குடும்பங்களைக் குறிவைத்து விற்கிறார்கள். மனிதச் சோதனை நடந்ததா, அரசு அனுமதி உண்டா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காமல் எந்த மருந்துக்கும் காசு கொடுக்காதீர்கள்.

மாணவர்களே, உங்களுக்கு ஒன்று. கோவிந்தாச்சாரி கண்ட அந்த மலை மரத்தை மருந்துக்காகவே வெட்டி வெட்டிப் பல இடங்களில் குறைத்துவிட்டோம். அதன் மருந்து இன்னும் முழுமையாக அடக்கப்படவில்லை. கேம்ப்டோதெசினைப் பாலிமரில் கட்டி உள்ளே செலுத்த அமெரிக்காவில் முயன்றார்கள், இதுவரை வெற்றி முழுமையாகவில்லை. நித்தியகல்யாணியும் இறால் ஓடும் நம் பக்கத்தில்தான் கிடைக்கின்றன. வேதியியலை மதிப்பெண்ணுக்காகப் படிக்காதீர்கள். இந்தச் சிக்கலில் உங்களுக்கும் வேலை இருக்கிறது.

பெரியோர்களே, தாய்மார்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். எந்தத் துகளும் முற்றிய நோயைவிட ஆரம்ப நோயிடம்தான் நன்றாக வேலை செய்யும். முப்பது வயது தாண்டிய பெண்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகத்துக்கும் கருப்பை வாய்க்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். புகையிலை போடுகிறவர்கள் அதை விட்டுவிட்டு, வாய்க்குள் ஆறாத புண் இருந்தால் உடனே காட்டுங்கள். உங்கள் வீட்டில் ஒருவருக்குக் கீமோ தொடங்கினால் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: ஐயா, இந்த மருந்துக்குத் தொல்லை குறைந்த வடிவம் இருக்கிறதா? முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் அது கிடைக்குமா? கேட்பது உங்கள் உரிமை. நாலு பேர் கேட்டால் நாளைக்கு அது காப்பீட்டுப் பட்டியலில் ஏறும்.